சின்னாளப்பட்டியிலிருந்து சீமைக்கு!

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் பதாகைகள் முளைக்கின்றன. காதணி விழாவுக்கு ஒன்று, புதுமனை புகுவிழாவுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே கோட்டு அணிந்த ஓர் இளைஞனின் படத்தோடு இன்னொன்று. மேற்படிப்புக்கு அயல்நாடு செல்லும் எங்கள் குலக்கொழுந்தை வாழ்த்தி வழியனுப்புகிறோம் என்று கொட்டை எழுத்தில் பொறித்து, கீழே மாமன் மைத்துனர் பெயர்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள்.

வாழ்த்துவோம்! வேண்டாமென்று யார் சொன்னது? பாட்டன் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்றான். தந்தை பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தான். பேரன் நுண்ணோக்கி பிடிக்கப் போகிறான். மூன்று தலைமுறையில் இந்த மண் கண்டிருக்கும் மாறுதல் இது. கல்விக் கூடத்தின் வாயிலில் காலங்காலமாகக் காவலிருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கட்டும்!

ஆனால், நண்பர்களே, ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. விமானம் ஏறும்வரை ஊரே கூட நிற்கிறது. இறங்கிய பிறகு? மூன்றாம் மாதத்தில், பனி கொட்டும் இரவில், பேராசிரியர் திருப்பி அனுப்பிய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தனியே உட்கார்ந்திருக்கும்போது, பதாகையில் பெயர் போட்டுக்கொண்ட இருபத்தேழு பேரில் எத்தனை பேர் அவனை நினைத்துக்கொள்கிறார்கள்?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தனர். சீனாவை முந்தி நாம் முதலிடம் பெற்ற ஆண்டு அது. அவர்களில் பெரும்பாலோர் இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்குச் சென்றவர்கள். அது ஒரு வகை. கணினி வேலைக்குப் போவது இன்னொரு வகை. முனைவர் பட்ட ஆய்வுக்குப் போவது இரண்டிலும் சேராத மூன்றாவது வகை என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இன்னும் அறியவில்லை.

அமெரிக்காவில் அதற்கு ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு ஆகிறது. முதலில் வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, அதற்கும் பிறகுதான் ஆய்வு. பிரிட்டனில் மூன்று முதல் நான்கு ஆண்டு. ஜெர்மனியில் ஆய்வு மாணவர் பலர் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்த ஊழியராகவே சம்பளம் வாங்குகிறார்கள். எங்கு சென்றாலும் அடிப்படை ஒன்றுதான்: விடை தெரிந்த வினாவுக்கு விடை எழுதிப் பழகிய கை, உலகில் யாருக்கும் விடை தெரியாத வினா ஒன்றைத் தானே கண்டெடுத்து, அதோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். பள்ளியில் முதல், கல்லூரியில் முதல், பல்கலைக்கழகத்தில் பதக்கம் என்று வந்தவன், தன்னைப் போலவே எல்லோரும் முதலாக வந்த கூடத்தில் போய் உட்காருகிறான். வாழ்க்கையில் முதன்முறையாக அவனுக்குப் புரியாமல் போகிறது. யாரிடம் சொல்வான்? அம்மாவிடமா? அம்மா கேட்பது ஒரே கேள்வி: சாப்பிட்டாயா?

நம் நாட்டில் இந்தத் துயரத்தின் பெருங்கதை நூறாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார். இன்று நாம் முனைவர் பட்டம் என்கிறோமே, அது அன்றைய கேம்பிரிட்ஜில் இல்லை. ஆய்வுக்காக அளிக்கப்பட்ட பி.ஏ. பட்டமே அந்த இடத்தில் இருந்தது. அதை அவர் 1916-இல் பெற்றார். 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். பள்ளிப் பாடநூல்கள் சொல்வது இவ்வளவே. சொல்லாமல் விடுவதைச் சொல்கிறோம்.

பிற்காலத்தில் புள்ளியியல் மேதையாகப் புகழ்பெற்ற மகாலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். குளிர்நாள் ஒன்றில் இராமானுஜனின் அறைக்குச் சென்றவர், இரவில் கதகதப்பாக உறங்க முடிகிறதா என்று கேட்டார். மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் இராமானுஜன். மகாலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்துச் செருகப்பட்டிருந்தன. இராமானுஜன் அவற்றுக்கு மேலே படுத்துக்கொண்டிருந்தார்! கம்பளியை விலக்கி அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. முடிவிலியை உள்ளங்கையில் வைத்து உருட்டியவருக்கு ஆங்கிலேயன் கட்டிலில் எப்படிப் படுப்பது என்று தெரியவில்லை. சிரிப்பதற்கல்ல இது. ஓர் ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லாமலே தெரிவது இன்னோர் ஊரிலிருந்து வந்தவனுக்குச் சொன்னால்தான் தெரியும். சொல்வதற்கு ஆள் வேண்டும்.

சைவ உணவு மட்டுமே உண்பவர், தானே சமைத்துக்கொண்டார். போர் மூண்டதும் காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. ஊரிலோ மாமியார் மருமகள் பூசல். இளம் மனைவி எழுதிய கடிதங்கள் அவரை வந்து சேரவில்லை. 1917-இல் நோயுற்றார். காசநோய் என்று கருதி மருத்துவமனை மாற்றி மருத்துவமனை வைத்தார்கள். 1918 தொடக்கத்தில் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று, தற்செயலாகப் பிழைத்தார். அவரைக் காவல்துறையின் பிடியிலிருந்து மீட்டவர் பேராசிரியர் ஹார்டி. நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. நாள்தோறும் கணிதம் பேசினார். ஆனால் மாணவன் இரவில் எப்படி உறங்குகிறான் என்பது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. 1919-இல் இராமானுஜன் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டு வயதில், மறைந்தார்.

மேதையின் மரணத்துக்கு ஊழ்வினை காரணம் என்பாரும் உண்டு, கடல் கடந்த பாவம் என்று அன்று முணுமுணுத்தவரும் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். குளிரும் பசியும் தனிமையும் சேர்ந்து செய்த வேலையில் கணிசமான பங்கை ஒரு கடிதமும், ஒரு கரண்டிப் பருப்பும், ஒரு நண்பனும் தடுத்திருக்க முடியும் என்பதே நம் துணிபு.

இன்று நிலைமை மாறிவிட்டதே என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. பெரிய நகரங்களில் புளியும் கிடைக்கிறது, பெருங்காயமும் கிடைக்கிறது. சீரகச் சம்பாக்கூட ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் கிடைக்கலாம். பையில் குக்கரையும் இட்லிப்பொடியையும் கட்டிக்கொண்டு போகிறான் நம் பிள்ளை. (திண்டுக்கல்காரனுக்கு அங்கே கிடைக்கும் பிரியாணியைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், கண்ணில் நீர் வந்துவிடும்.) குளிருக்குத் தக்க உடை வாங்க முடிகிறது. வீட்டாரின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்க முடிகிறது. வயிற்றுத் துன்பம் பாதி தீர்ந்தது. தீராதது வேறு. அது வாயில் இருக்கிறது. பேசுவதில் இருக்கிறது.

இங்கே பேராசிரியர் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கிறோம். ஐயா என்கிறோம், சார் என்கிறோம். ஒரு கையொப்பத்துக்காக நடைவழியில் ஒரு முற்பகல் முழுவதும் காத்துக் கிடக்கிறோம். வழிகாட்டி சொன்ன தலைப்பே தலைப்பு, சொன்ன முறையே முறை. அவர் சொன்னது தவறென்று மனத்துக்குப் பட்டாலும் வாய் திறப்பதில்லை. திறந்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வு மாணவர் அறிவார்கள்; நாமும் அறிவோம். குரு என்றால் தெய்வம் என்று சொல்லிச் சொல்லியே கேள்வி கேட்கும் நாக்கைக் கட்டிப்போட்ட நாடு இது.

இப்படி வளர்ந்தவன் அங்கே போகிறான். முதல் நாளே பேராசிரியர், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். நம் பிள்ளைக்கு நா எழவில்லை. தலைநரைத்த மனிதரைப் பெயர் சொல்லி எப்படி அழைப்பது? சில மாதங்கள் எப்பெயரும் சொல்லாமலே பேசிச் சமாளிக்கிறான். ஜெர்மன் மொழியிலோ ஆய்வு வழிகாட்டிக்கு ‘முனைவர்த் தந்தை’ என்று பொருள்படும் சொல்லே வழக்கில் இருக்கிறது. தந்தை என்றவுடன் நம்மவன் மகிழ்ந்துபோகிறான். ஆனால் அந்தத் தந்தை இவனைக் கைப்பிடித்து நடத்துவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் சந்திக்கிறார். “அடுத்து என்ன செய்யட்டும், ஐயா?” என்று இவன் கேட்கிறான். “நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?” என்று அவர் திருப்பிக் கேட்கிறார். இவன் தன்னை அவர் சோதிப்பதாக எண்ணி நடுங்குகிறான். அவரோ, இவனுக்குச் சொந்தக் கருத்தே இல்லையோ என்று ஐயுறுகிறார்.

கருத்தரங்கில் இன்னும் கொடுமை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் அமைதியாயிருப்பதை நாம் பண்பு என்று கற்றுக்கொடுத்தோம். அங்கே அந்த அமைதிக்குப் பொருள் வேறு: இவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அல்லது ஆர்வமில்லை. பாடம் தெரியாமலா இருக்கிறான்? பாடம் தெரியும். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வெழுதி, மதுரைக்கோ கோவைக்கோ பேருந்து ஏறிப்போய் மொழித்தேர்விலும் தேறியவன்தான். ஆனால் நான்கு பேர் சிரித்துப் பேசும்போது இடையில் புகுந்து ஒரு சொல் சொல்ல எந்தத் தேர்வும் அவனுக்குப் பயிற்சி தரவில்லை. சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒழுங்காகக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பொருளுக்குப் போய்விடுகிறது.

ஆங்கிலேயரின் நாகரிகப் பேச்சும் ஒரு பொறி. “சுவையாக இருக்கிறது” என்று அங்கே ஒரு பேராசிரியர் சொன்னால் பாராட்டிவிட்டார் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடக் கூடாது. எனக்கு உடன்பாடில்லை என்பதை அவர் அவ்வளவு மென்மையாகச் சொல்லியிருக்கலாம். நம் ஊர் வழக்கில் திட்டினால் திட்டு, புகழ்ந்தால் புகழ். அங்கே இரண்டுக்கும் ஒரே முகம்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நூலில் கண்டதை அப்படியே எழுதினால் இங்கே நூறு மதிப்பெண், அங்கே களவு. எடுத்த வரிக்கு எடுத்த இடத்தைக் காட்டாதவன் பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேற்றப்படலாம். மனப்பாடத்துக்கு மாலை போட்டு வளர்த்த நாம், இதைப் புறப்படுவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

அயல்நாட்டில் மனம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்காவுக்கு உதவித்தொகையில் சென்று வந்த தம் நாட்டவர் 200 பேரை விசாரித்து 1955-இல் எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்களே அதிகம் தடுமாறினார்கள். புதுமையின் மயக்கம், பின்பு பள்ளம், பின்பு மேடு. பிற்காலத்து ஆய்வாளர் சிலர் இதை அப்படியே ஏற்கவில்லை. போய் இறங்கிய நாட்களே பலருக்கு மிகக் கடினமானவை என்று காட்டினார்கள். எது எவ்வாறாயினும், பள்ளம் உண்டு என்பதில் இரு தரப்பும் ஒன்றே. வெள்ளை நிறமும் கிறித்தவப் பெயரும் கொண்ட நார்வேக்காரனே தடுமாறினான் என்றால் வேடசந்தூர்க்காரன் தடுமாறுவதில் வெட்கமென்ன?

ஆய்வு மாணவர்களுக்கு இது இரட்டைச் சுமை. 2018-இல் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களைக் கேட்டு வெளியான ஆய்வு ஒன்று, மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட அவர்களிடம் ஆறு மடங்குக்கு மேல் காணப்படுவதாகச் சொன்னது. சொந்த நாட்டிலே படிப்பவரும் அந்தக் கணக்கில் உண்டு. நம் ஊரிலோ மனநோய் என்று சொன்னாலே மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். இல்லையேல், நாலு பேருக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று வாயைப் பொத்துகிறார்கள். அங்கே பல்கலைக்கழகத்திலேயே மனநல ஆலோசகர் இருக்கிறார். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோல அவரிடம் போகலாம் என்று வழியனுப்பும்போதே தாயும் தந்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் மீளும்.

இனிப் பணம். இதைப் பேசாமல் மற்றதைப் பேசுவது மோசடி.

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1916-இல் இலண்டனுக்குப் போய் அங்குள்ள பொருளியல் கல்லூரியில் சேர்ந்தார். அப்போதுதான் உதவித்தொகையின் காலம் முடிந்தது. ஆய்வு பாதியில் நின்றது. 1917-இல் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் தனியே கப்பலில் அனுப்பிய நூல்கள் போர்க்காலத் தாக்குதலில் கடலுக்குள் போயின. நிபந்தனைப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடமில்லை. கொலம்பியாவில் படித்துத் தேறிய மனிதரைச் சாதியைச் சொல்லி விடுதியிலிருந்து விரட்டினார்கள்! பம்பாயில் ஆசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணம், நண்பர் ஒருவரிடம் வாங்கிய கடன், கோலாப்பூர் சாகு மகராசரின் உதவி, இவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சேர்ந்தார். அரைவயிறு உண்டு, நூலகம் திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளியேறினார். அவர் அளித்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தித் தரச் சொன்னார்கள், திருத்தித் தந்தார். 1923-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. கொலம்பியாவின் டாக்டர் பட்டம் முறைப்படி கைக்கு வந்தபோது ஆண்டு 1927.

மூன்றாண்டு உதவித்தொகை ஓராண்டு நீண்டிருந்தால்! அந்த இடைவெளியில் வீணான ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர் அயல்நாட்டில் முதுகலையும் முனைவர் ஆய்வும் படிக்க ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் ஐம்பதுகளிலிருந்தே நடந்து வருகிறது. இந்தத் துணைக்கண்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள் என்று வைத்திருந்தார்கள். 2022-இல் விதியைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்றார்கள். தன் மக்கள் பட்ட பாட்டை ஆராய விரும்பும் மாணவனுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. 2025 ஜூலையிலோ 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு முதலில் 40 பேருக்கு மட்டுமே ஆணை அனுப்பினார்கள். மற்ற 66 பேருக்கு? நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் மாணவனுக்கு ஜூலையில் இந்தப் பதில்! பின்னர் என்ன செய்தார்கள் என்பது இருக்கட்டும். அந்த வாரங்களில் அந்த 66 வீடுகளில் உறங்கியவர் யார்?

பல்கலைக்கழகமே கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத ஊதியமும் தருகிறதே, முனைவர் ஆய்வுக்குச் செலவென்ன என்று விவரமறிந்தோர் கேட்பர். உண்மை, அமெரிக்காவில் பல துறைகளில் அப்படித்தான். ஆனால் முதல் ஊதியம் கைக்கு வருமுன் என்னென்ன கட்ட வேண்டும்? விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விசாக் கட்டணம், விமானச் சீட்டு, வாடகை முன்பணம், குளிராடை, முதல் மாதச் சோறு. இவை எல்லாம் ஆகஸ்டில். ஊதியம் செப்டம்பரில். இடைப்பட்ட இந்தச் சின்ன ஓடையைத் தாண்ட முடியாமல்தான் ஏழை வீட்டுப் பிள்ளை வட்டிக்கு வாங்குகிறான். வங்கிக்குப் போனால், கல்விக்கடன் ஏழரை இலட்சத்தைத் தாண்டினாலே பொதுவாக ஈடு கேட்கிறார்கள். இருக்கும் ஓர் ஏக்கர் முருங்கைக் காட்டின் பத்திரம் வங்கிக்குப் போகிறது. அந்தப் பத்திரம் அங்கே பெட்டியில் கிடக்க, இங்கே ஆய்வு தோற்றால் என்ன ஆகும் என்ற நினைப்போடு ஒருவன் எப்படிப் புதிய வினாவைத் துணிந்து எழுப்புவான்? துணிவுக்கும் பத்திரத்துக்கும் உள்ள இந்த உறவை எந்தப் பேராசிரியரும் அறியமாட்டார்.

விசாவின் கதை தனி. 2025 மே இறுதியில் அமெரிக்கா புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நாள் ஒதுக்குவதை நிறுத்தி, ஜூன் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. மூன்று வாரம், ஆனால் பல பிள்ளைகளுக்கு ஓராண்டையே விழுங்கக்கூடிய மூன்று வாரம். பிரிட்டன் 2024 தொடக்கத்திலிருந்து முதுகலை மாணவர் குடும்பத்தை அழைத்துவரத் தடை போட்டது. முனைவர் ஆய்வாளருக்கு மட்டும் விலக்குத் தந்தது. மணமான பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். மணமாகாத பெண்களுக்கோ வேறு தொல்லை. ஆண் ஆறாண்டு படித்தால் ஆராய்ச்சி. பெண் ஆறாண்டு படித்தால் வயது போகிறதாம்! ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு வரன்.

சாதி கடல் தாண்டாது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். தாண்டிவிட்டது, விமானச் சீட்டே எடுக்காமல்! அயல்நாட்டில் தமிழ்க் குரல் கேட்டு ஆவலோடு ஓடிப்போகிறான் நம் மாணவன். எந்த ஊர், தம்பி? திண்டுக்கல். திண்டுக்கல்லில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்? மூன்றாவது கேள்வியில் முகம் மாறுகிறது. நான்காவது கேள்விக்குப் பிறகு பொங்கல் விருந்துக்கு அழைப்பு வருவதில்லை. இது கற்பனைக் குறை என்றால், பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இல் சாதி வேற்றுமையைத் தன் விதிகளில் ஏன் தடை செய்தது? கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல் ஏன் செய்தது? சியாட்டில் நகர மன்றம் 2023-இல் ஏன் சட்டம் இயற்றியது? அதே ஆண்டு கலிபோர்னியாச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அந்த மாநில ஆளுநர் தடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டம் இருக்கும் இடம் எது, இல்லாத இடம் எது என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டு போகட்டும்.

துயரத்தையே அடுக்கிக்கொண்டு போவது நம் நோக்கமன்று. வென்றவர் கதையும் உண்டு. அதிலும் நமக்கு மிகவும் பிடித்தது ஈழத்து நண்பர் இருவரின் கதை. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி. இருவரும் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்குச் சென்றனர். இருவருக்கும் வழிகாட்டி ஜார்ஜ் தாம்சன், கிரேக்க இலக்கிய அறிஞர், மார்க்சியவாதி. தமிழ் அவர் துறையன்று. என்ன செய்தார்கள் இவர்கள்? வழிகாட்டிக்குத் தெரிந்ததைத் தாம் அரைகுறையாகக் கற்று ஒப்பிக்கவில்லை. தம்மிடமிருந்த சங்க இலக்கியத்தை எடுத்து அவருடைய ஓமரின் பக்கத்தில் வைத்தார்கள். கைலாசபதியின் ஆய்வு தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய நூலாக 1968-இல் ஆக்ஸ்போர்டில் அச்சாயிற்று. சிவத்தம்பி பண்டைத் தமிழர் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்து 1970-இல் பட்டம் பெற்றார். கைலாசபதி பின்னாளில் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று மாணவனிடம் இருந்தது. அதைக் கொண்டு அவன் நிமிர்ந்து நின்றான்.

நம் சமவெளிப் பிள்ளைகளிடம் அப்படி ஒன்றும் இல்லையா? தோல் கழிவால் கெட்ட கிணறுகளின் நீரைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும்? நூற்பாலைக்குப் போகும் இளம்பெண்களின் வாழ்வைப் பற்றி? ஒட்டன்சத்திரம் சந்தையில் விடியுமுன் காய்கறி விலை எப்படித் தீர்மானமாகிறது என்பதைப் பற்றி? மழை பொய்த்த குளங்களைப் பற்றி? பாஸ்டனில் பிறந்தவன் இதற்காக மூன்றாண்டு உழைத்தாலும் பிடிபடாதது, நம் பிள்ளைக்குப் பாட்டி வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்திருக்கிறது. வேதியியலோ பொருளியலோ மானிடவியலோ, எத்துறையானாலும் இது மூலதனம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அங்கிருந்து இங்கே ஆய்வுக்கு வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? ஆக்ஸ்போர்டு மாணவியாக இருந்த பிரெண்டா பெக் அறுபதுகளின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். கொங்கு நாட்டுக் குடியானவர் சமூகத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக்கு 1968-இல் பட்டம் பெற்றார். அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தவரும் அவரே. எங்கிருந்தோ வந்த ஒரு பெண்ணை அந்த ஊர் ஏற்றுக்கொள்ளாமலா இத்தனையும் நடந்திருக்கும்? முறை வைத்து அழைக்காமல், சோறு போடாமல் அனுப்பும் ஊரா நம் ஊர்?

ஊரின் அன்பு மட்டுமன்று, ஏற்பாடும் இருந்தது. அதைத்தான் நாம் கவனிக்கச் சொல்கிறோம். இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் மதுரையில் தமிழ்ப் பயிற்சி நடத்துகிறது. சிகாகோவிலும் பென்சில்வேனியாவிலும் படிக்கும் ஆய்வு மாணவர் அங்கே வந்து தங்கி நம் பேச்சைக் கற்றுக்கொண்டு, அதன் பிறகே ஊருக்குள் இறங்குகிறார்கள். மொழி கற்க ஆசிரியர், செலவுக்கு உதவித்தொகை, தெரிந்தவருக்கு ஒரு கடிதம். அவன் நாட்டிலிருந்து இங்கே வருபவனுக்கு இத்தனை முன்னேற்பாடு. இங்கிருந்து அங்கே போகும் நம் பிள்ளைக்கு? ஒரு பதாகை, ஒரு குக்கர்!

அம்பாத்துரைக்கும் சின்னாளப்பட்டிக்கும் அருகே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. 1956-இல் கிராமியக் கல்வி நிலையம், 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி. திண்டுக்கல்லைச் சுற்றிக் கலைக்கல்லூரிகள் இருக்கின்றன, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றில் படித்து அயல்நாட்டில் ஆய்வு செய்துகொண்டிருப்போரின் பெயரும் முகவரியும் கொண்ட ஒரு பதிவேட்டை ஒவ்வொரு கல்லூரியும் வைத்துக்கொள்வது மலையைப் புரட்டும் வேலையா? ஆண்டுதோறும் சித்திரையில், போகப்போகும் பிள்ளைகளையும் விடுமுறைக்கு வந்திருக்கும் மூத்தவர்களையும் ஒரு கூடத்தில் இரண்டு நாள் உட்கார வைக்கட்டும். கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்பதிலிருந்து பேராசிரியரிடம் மறுத்துப் பேசுவது எப்படி என்பதுவரை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் நடுவிலுள்ள அந்த ஓடைக்கு, திருப்பித் தரும் வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றைப் பூட்டுக் கடைக்காரரும் மண்டிக்காரரும் மில் முதலாளியும் சேர்ந்து நிறுவலாம். ஒரு பதாகைக்கு ஆகும் செலவை இவர்கள் அறியாதவர்களா? அரசுகள், தரப்போகும் உதவித்தொகையின் ஆணையை மே மாதத்துக்குள் கையில் கொடுக்க வேண்டும். ஆய்வு நீண்டால் தொகையும் நீள வேண்டும். இதை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை.

முடிக்காமல் திரும்பி வருவோரும் இருப்பர். அமெரிக்காவில் ஆய்வை இடையில் விட்டவன் பல துறைகளில் முதுகலைப் பட்டத்தோடு வெளிவர முடியும்; வேலைக்கும் போக முடியும். அப்படி வருபவனைத் தெருமுனையில் நிறுத்தி, ஏன் வந்துவிட்டாய் என்று கேட்பதை நிறுத்துங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. நவம்பரில் அமெரிக்காவின் கீழைக்கரையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதன் பிறகு நியூயார்க்கில் இரவு ஒன்பது மணி என்றால் திண்டுக்கல்லில் மறுநாள் காலை ஏழரை. அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிற காலம் அது. காலைக் காப்பியை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். ஆய்வு எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். அது அவனுக்கே தெரியாது. இன்றைக்கு யாரோடு பேசினாய் என்று கேளுங்கள்.